பேங்க் பூட்டுக்குள் புகையிலை

உட்கார்ந்து கேட்கிற பொறுமை உங்களுக்கு இருக்கலாம். உட்கார்ந்து சொல்கிற பொறுமை எனக்குக் கிடையாது. பேங்க் நாற்காலியில் ஆயுசைக் கழித்தவன் என்று பெயர்தான். உண்மையில் நாற்காலியைவிட அதைச் சுற்றியிருந்த தரையைத்தான் நான் அதிகம் தேய்த்திருப்பேன். மனசை ஏதாவது அரித்தால் எனக்கு நடக்க வேண்டும். கவுண்டரிலிருந்து ஸ்ட்ராங் ரூம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும், திரும்பவும் கவுண்டருக்கு. "சார் நடக்க ஆரம்பிச்சுட்டாரு, இன்னைக்கு எல்லாரும் வீடு போய்ச் சேந்த மாதிரிதான்" என்று கிளார்க்குகள் எனக்குக் கேட்கிற மாதிரியே பேசிக்கொள்வார்கள்.

நீங்கள் இப்போதுதான் பேங்க்கில் பெரிய கணக்குகளைப் பார்க்க வந்திருக்கிறீர்கள். கம்பெனிகள், மில்கள், சங்கங்கள். பேச்சிலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டதைக் கவனித்தேன், வரட்டும், தப்பில்லை. பெரிய கணக்கு என்றால் பெரிய தொகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் பெரிய கணக்கு என்பது, நீங்கள் ஒரு காரியத்தைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் உங்களுக்கு முன்பின் தெரியாத பத்து வீடுகளில் அடுப்பு எரிவதும் அணைவதுமாக இருக்கிற கணக்கு. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் கிளையில் நடந்தது.

அப்போது திண்டுக்கல்லில் பேங்க்குக்குப் பெரிய வாடிக்கை என்றால் நூல் மில், தோல் பதனிடுகிற ஷாப், சின்னாளப்பட்டி நெசவாளர் சங்கம், அப்புறம் புகையிலை. இதில் புகையிலைதான் எங்கள் கிளைக்குச் சோறு போட்டது. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காடுகளிலிருந்து இலை வரும். பழனி ரோட்டில் வரிசையாக குடோன்கள். அந்த வழியாக பஸ்ஸில் போகிறவர்கள் தும்மாமல் போக முடியாது.

வியாபாரிகளுக்கு நாங்கள் கொடுத்தது சரக்கின் மேல் கடன். நகையை எடுத்து இரும்புப் பெட்டியில் வைக்கிற மாதிரி புகையிலையை எடுத்து வைக்க முடியுமா? அதனால் சரக்கு வியாபாரியின் குடோனிலேயே இருக்கும். கதவில் எங்கள் பூட்டு தொங்கும். சாவி எங்களிடம். காலையில் எங்கள் குடோன் கீப்பர் போய்த் திறப்பார், கூலி ஆட்கள் உள்ளே வேலை பார்ப்பார்கள், கடனைக் கட்டின அளவுக்குச் சரக்கு வெளியே போகும், சாயங்காலம் கீப்பர் பூட்டிவிட்டு வருவார். பார்க்கிறவர்களுக்கு இது கௌரவக் குறைச்சலாகத் தோன்றும். அந்தக் காலத்து வியாபாரிகளுக்கு அப்படி இல்லை. "என் குடோன்ல பேங்க் பூட்டு தொங்குது" என்று சம்பந்தி வீட்டில் பெருமை பேசினவர்களை எனக்குத் தெரியும்.

புகையிலை, நெல் மூட்டை மாதிரி சும்மா கிடக்கிற சரக்கு இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் காட்டிலும் புகையிலைதான் வெள்ளாமை, அதனால் இது எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். மெல்லுகிற புகையிலை என்றால் காய்ந்த இலைக்குக் கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, ஆள் உயரத்துக்கு அம்பாரமாக அடுக்குவார்கள். உள்ளே தானாகவே சூடு பிறக்கும். அந்தச் சூட்டில்தான் இலை பழுத்துக் காரமும் மணமும் ஏறும். ஆனால் சூடு கூடக் கூட அம்பாரத்தைப் பிரித்து, நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் அடியில் இருந்ததை மேலுக்கும் மாற்றி அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் நடு இலை கருகி, கையில் எடுத்தால் பொடிப்பொடியாகிவிடும். மழைக் காலத்தில் இன்னும் சீக்கிரம் கெடும்.

எங்கள் வாடிக்கையாளர்களிலேயே பெரிய கம்பெனி ஒரு குடும்பத்துடையது. பங்குதாரர்கள் மூன்று பேர். பெரியவர், அவருடைய தம்பி சுப்பையா, பெரியவரின் மகன் தண்டபாணி. பெரியவர் இருந்தவரை மற்ற இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான். அவர் ஒரு ஐப்பசி மாதத்தில், அடைமழை பிடித்த அன்று காலையில், குளிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அதற்கு முந்தின நாள்தான் எங்கள் பேங்க்குக்கு வந்து காபி சாப்பிட்டுவிட்டு, நான் நடக்கிறதைப் பார்த்து, "உங்களுக்குச் சம்பளத்தோட செருப்புப் படியும் குடுக்கணும் சார்" என்று கேலி செய்துவிட்டுப் போனார். நான் மாலையோடு போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தேன். உண்மையாகவே துக்கமாக இருந்தது.

அந்த நேரத்தில் கிளை ஏஜென்ட் மகள் கல்யாணத்துக்காக நீண்ட லீவில் ஊருக்குப் போயிருந்தார். அப்போதெல்லாம் மேனேஜரை ஏஜென்ட் என்றுதான் சொல்வோம். அக்கவுண்டன்ட்டாக இருந்த நான் பொறுப்பில் இருந்தேன். பங்குதாரர் ஒருவர் காலமானால் அந்தக் கூட்டே முறிந்த மாதிரி. கணக்கை நிறுத்திவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படியே செய்தேன். உடனே தந்தி வந்தது. கணக்கை நிறுத்து, குடோனைத் திறக்காதே, உத்தரவுக்குக் காத்திரு. அவ்வளவுதான்.

கீப்பர் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு, உத்தரவு வருகிற வரைக்கும் குடோனைத் திறக்க வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சார், நேத்துத்தான் தண்ணி தெளிச்சு அடுக்கிருக்காக" என்றார். ஓரிரு நாளில் உத்தரவு வந்துவிடும் என்று அவருக்கும் எனக்கும் சேர்த்து நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதலில் வந்தது சுப்பையா. வாட்டசாட்டமான ஆள். துக்கம் முகத்தில் இருந்தது, அவசரமும் இருந்தது.

"சாவி எங்கிட்ட வரணும் சார். அண்ணன் இல்லேன்னா அடுத்தது நாந்தான. ஊரறிஞ்ச விசயம்."

"ஊருக்குத் தெரியும் முதலாளி. எங்க ஹெட் ஆபீசுக்குத் தெரியணுமே. நீங்களும் தண்டபாணியும் சேந்து ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா நாளைக்கே மேல அனுப்பி வைப்பேன்."

"கருமாதி முடியாம எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல. எங்க வழக்கம் அது." எழுந்து வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். "எனக்குக் குடுக்காட்டிப் பரவால்ல. அந்தப் பயலுக்குக் குடுத்துராதீங்க. ராவோட ராவா வழிச்சுக்கிட்டுப் போயிருவான்."

அவர் குடையை மடக்கிய ஈரம் தரையில் காய்வதற்குள் தண்டபாணி வந்தான். மதுரையில் காலேஜ் படித்தவன், மழித்த தலையோடு பார்க்க இன்னும் சின்னப் பையனாகத் தெரிந்தான்.

"சித்தப்பா வந்துட்டுப் போனாரா சார்? நான் வழிச்சுட்டுப் போயிருவேன்னு சொல்லிருப்பாரே. அவருகிட்ட இருக்கது லாரி. எங்கிட்ட இருக்கது சைக்கிளு. யாரு வழிச்சுட்டுப் போவாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கங்க."

"ரெண்டு பேரும் சேந்து வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா தம்பி?"

"அவரு இருக்க எடத்துல நான் நிக்க மாட்டேன் சார். அப்பாவத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடியே பங்கு பேசுன மனுசன். அவருக்குத் தொறந்து விட்டீங்கன்னா பேங்க் மேல கேஸ் போடுவேன். மரியாதையாச் சொல்றேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். அவன் போனதும் நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன்.

மழை விடவில்லை. உத்தரவும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். எதிரில் உட்கார்ந்து வேறு கணக்கைப் பற்றிப் பேசுகிற மில் காஷியர் என்ன சொல்கிறார் என்றே காதில் ஏறவில்லை. வாடிக்கையாளரின் சரக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிற அதே நேரத்தில், அந்தப் பத்திரமே சரக்கைத் தின்றுகொண்டிருந்தது. இப்படி ஒரு முட்டாள்தனத்தை பேங்க்காரனைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. சாதாரண வியாபாரியாக இருந்தால் பூட்டை உடைத்தாவது உள்ளே போயிருப்பான்.

ஒரு நாள் மத்தியானம் ஆரோக்கியம் நனைந்துகொண்டே வந்து நின்றார்.

"சார், செவுத்துல கைய வச்சுப் பாத்தேன். வெதுவெதுன்னு இருக்கு."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். குடோன் கேட்டுக்கு வெளியே கூலிக்கார அம்மாக்கள் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலை இல்லை என்று தெரிந்தும் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கதவுக்கு மேலே இருந்த காற்றுத் துளைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தேன். நல்ல புகையிலை பழுக்கும்போது கருப்பட்டியும் காரமும் கலந்த ஒரு வாசனை வரும். இது அந்த வாசனை இல்லை. மாட்டுக் கொட்டிலைக் கழுவாமல் விட்ட மாதிரி கண்ணைக் கரிக்கிற நெடி.

அந்த அம்மாக்களுக்குத் தலைமைக்காரியான பேச்சியம்மா எழுந்து வந்தாள். "ஐயா, உள்ள இருக்க எல போச்சுன்னா எங்களுக்குத் தை வரைக்கும் வேல கெடையாது. பிரிச்சு அடுக்குனாத்தான கூலி. கஞ்சிக்கும் வெஞ்சனத்துக்கும் எங்க போவோம்?" என்றாள்.

இலை கருகினால் அந்தக் கம்பெனி எழுந்திருக்காது. சித்தப்பனுக்கும் மகனுக்கும் சண்டை போட்டுக்கொள்ளக்கூட எதுவும் மிஞ்சாது. பேங்க் கொடுத்த கடனுக்கு ஈடு ஒரு குடோன் சாம்பல். இந்த அம்மாக்களுக்கு அறுவடை வரை பட்டினி. திறந்தால், தந்தியை மீறினவன் என்று என் வேலை போகும். எனக்கு அப்போது கைக்குழந்தை ஒன்று, சம்பளத்தைத் தவிர வேறு வழி கிடையாது. பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

தபாலாபீசுக்குப் போய் தலைமை அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டேன். வெகு நேரம் காத்திருந்து லைன் கிடைத்தது. கடன் பிரிவு அதிகாரி பேசினார்.

"தந்தி கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்."

"அதுல என்ன போட்டிருக்கு?"

"திறக்காதேன்னு."

"அப்புறம் என்ன?"

"சார், உள்ள சரக்கு வெந்துக்கிட்டிருக்கு."

"பூட்டு பத்திரமா இருக்குல்ல?"

"பூட்டு பத்திரமாத்தான் இருக்கு சார்."

"அப்பச் சரி" என்றார். அதற்குமேல் மழையில் லைன் அறுந்துவிட்டது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இருந்த ஊரில் புகையிலை கடையில் பொட்டலமாகத்தான் கிடைக்கும்.

எங்கள் பேங்க் வக்கீலிடம் போனேன். அவர் ரொம்ப நிதானமானவர். "திறந்தால் இரண்டு பேருமே கேஸ் போடலாம். திறக்காவிட்டால் ஒருத்தராலும் போட முடியாது" என்றார். சரக்கு என்ன ஆவது என்று கேட்டேன். அதைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும் என்றார். கோர்ட்டு வந்து அம்பாரத்தைப் பிரித்து அடுக்குமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்காமல் எழுந்து வந்தேன்.

அன்று சாயங்காலம் கோட்டைக் குளத்தைச் சுற்றி நடந்தேன். எத்தனை சுற்று என்று தெரியாது. மலைமேல் கோட்டைச் சுவரில் மழை வழிந்துகொண்டிருந்தது, செருப்பு இரண்டும் சேற்றில் பிய்ந்துவிட்டது. பூட்டைத் திறப்பது என்ற ஒரே வார்த்தையைத்தான் சுப்பையா சொன்னார், தண்டபாணி சொன்னான், தலைமை அலுவலகம் சொன்னது. மூன்று பேரும் அந்த வார்த்தைக்குச் சரக்கை யாரிடமாவது விட்டுக்கொடுப்பது என்று அர்த்தம் வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தேன். பிய்ந்த செருப்பைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. யாருக்கும் கொடுக்காமலே திறக்கலாமே. அடுத்தவன் பொருளை வசத்தில் வைத்திருக்கிறவன் அதைத் தன் பொருள் மாதிரிப் பேண வேண்டும் என்று பேங்க் பரீட்சைக்கு நானும்தான் உருப்போட்டிருந்தேன். சரக்கு எங்கள் வசம் என்றால் அதைப் பிரித்து அடுக்குகிற கடமையும் எங்கள் வசம்தானே?

இரண்டு பேருக்கும் ஆள் அனுப்பினேன். நாளைக் காலையில் பேங்க் தன்னுடைய பூட்டைத் தானே திறக்கிறது, தன் செலவில் ஆள் வைத்துச் சரக்கைப் பிரித்து அடுக்கிவிட்டு மறுபடி பூட்டும், ஒரு இலைகூட வாசற்படி தாண்டாது, வந்து பார்க்கிறவர்கள் பார்க்கலாம். இதைத்தான் சொல்லி அனுப்பினேன்.

காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. நான் போகும்போதே கேட்டுக்கு ஒரு பக்கம் சுப்பையா, லாரியோடும் ஆட்களோடும். மறுபக்கம் தண்டபாணி, இரண்டு சிநேகிதர்களோடு. நடுவில் பேச்சியம்மாவும் அவள் ஆட்களும். ஆரோக்கியம் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினதும் உள்ளிருந்து அடித்த சூட்டிலும் நெடியிலும் எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். அந்த அம்மாக்கள் மட்டும் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். நான் நடு அம்பாரத்துக்குள் கையை விட்டேன். முழங்கை வரை போவதற்குள் இழுத்துக்கொண்டேன்.

என் திட்டம் அப்போதே கவிழ்ந்தது. போன அறுவடை நல்ல அறுவடை; குடோனில் நிற்க இடமில்லாமல் சரக்கு. சாதாரண நாளில் ஒரு அம்பாரத்தைப் பிரித்தால் இன்னொன்றை நகர்த்திக்கொள்ளலாம். இப்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்து ஆற்றியாக வேண்டும்.

"ஐயா, எறக்கிப் போட எடமில்ல. வெளிய கொட்டகையில விரிச்சாத்தான் ஆறும்" என்றாள் பேச்சியம்மா.

முன் வாசலில் தகரக் கொட்டகை இருந்தது, சுற்றிலும் உயரமான காம்பவுண்டுச் சுவர் இருந்தது. ஆனால் வாசற்படி தாண்டாது என்று நான் சொல்லியிருந்தேன். அதை இரண்டு பேரும் ஒரே குரலில் எனக்கு ஞாபகப்படுத்தினார்கள். பெரியவர் போன பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி நிமிடம் உங்களுக்கும் வரும். உங்களுக்கு முன்னால் ஒரு நல்ல விதி இருக்கும், அதை நீங்களே போட்டிருப்பீர்கள், அது அந்த நிமிடத்தில் உதவாது. விதியை விட்டுவிட்டால் கேலிக்கு ஆளாவோம் என்ற பயம் ஒன்று வரும் பாருங்கள், அது வேலை போகிற பயத்தைவிட மோசமானது. நான் அந்த விதியை எதற்காகப் போட்டேன் என்று யோசித்தேன். இலை யாருடைய கைக்கும் போகக் கூடாது, அதற்குத்தானே.

"முதலாளி, உங்க லாரியக் கொண்டாந்து கேட்டுக்குக் குறுக்க நிப்பாட்டச் சொல்லுங்க."

"எதுக்கு சார்?"

"நிப்பாட்டச் சொல்லுங்க, சொல்றேன்."

டிரைவர் லாரியைக் கேட்டு வாசலில் அடைத்து நிறுத்தினான். சுப்பையாவின் ஆட்களும் தண்டபாணியின் சிநேகிதர்களும் வெளியே மாட்டிக்கொண்டார்கள்; இவர்கள் இரண்டு பேர் மட்டும் எங்களோடு உள்ளே. நான் லாரிச் சாவியைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "இப்ப ஒரு சைக்கிள்கூட இங்கருந்து வெளிய போக முடியாது. சுவரைத் தாண்டி யாரு எம்புட்டு எலையத் தூக்கிட்டுப் போறாங்கன்னு நானும் பாக்கிறேன். பேச்சியம்மா, வெளிய கொண்டாந்து விரிங்க" என்றேன்.

அதற்கப்புறம் யாருக்கும் பேச நேரமில்லை. கத்தை கத்தையாக இலை வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம். நடு அம்பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது, அதன் உச்சியிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது, கீழே அந்த அம்மாக்கள் நின்றார்கள். சுப்பையா ஒரு இலையைப் பிடுங்கிக் கசக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. "ஏலே, நடுவுல உள்ளத மொதல்ல எறக்குங்கடா" என்று கத்தினார். அவருடைய ஆட்கள் லாரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறினார்.

"சித்தப்பா, இந்தப் பக்கம் சாயுது. நான் தாங்கிக்கிறேன், நீங்க மேல இருந்து தள்ளுங்க" என்று தண்டபாணி முதுகைக் கொடுத்து நின்றான்.

உடனே சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேலை நேரத்துப் பேச்சு அது, அவ்வளவுதான். வேலை நடந்தவரை இருவரும் சேர்ந்து இழுத்தார்கள், சேர்ந்து இருமினார்கள், ஒரே பானைத் தண்ணீரைக் குடித்தார்கள். நான் கொட்டகைக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டேயிருந்தேன். சட்டைப் பையில் லாரிச் சாவி நெஞ்சில் இடித்துக்கொண்டேயிருந்தது. இவ்வளவு வருஷம் கழித்தும் அந்த இடி எனக்கு ஞாபகமிருக்கிறது.

தலைமை அலுவலகம் என்னை என்ன செய்தது என்று கேட்கத் துடிப்பீர்கள், அதை இங்கேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். அன்று நான் அதிகாரமில்லாமல் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, திறந்தது. அதற்கு விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன், மன்னித்துவிட்டார்கள். இரண்டாவது, அன்று சாயங்காலம் நான் வாயைத் திறந்து சொன்ன ஒரு வார்த்தை. அதற்கு என் இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். எனக்கு அதில் கோபமில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். மறுபடி அந்த வாசலில் நின்றால் அதே வார்த்தையைச் சொல்லவும் செய்வேன்.

பொழுது சாய்கிறபோது இலை ஆறிவிட்டது. பேச்சியம்மாவின் ஆட்கள் இடைவெளி விட்டுப் புது அம்பாரங்களாக அடுக்கினார்கள். மறுபடி அந்தக் கருப்பட்டி வாசனை லேசாக வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, நெடியினால் என்று நடித்தேன். மூலையில் இருந்த ஒரு அம்பாரம் மட்டும் பிழைக்கவில்லை. கூரை ஒழுகின இடம் அது. இலை கரியாகி, தொட்டால் உதிர்ந்தது. அதை வெளியே கொட்டகையில் தனியாகக் குவித்திருந்தார்கள். எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம்.

சுப்பையாதான் ஆரம்பித்தார். "இது அண்ணன் பங்குல போகட்டும். அவரு இருக்கையில தெளிச்ச தண்ணி."

"தெளிச்சதுல ஒண்ணும் கெடல சித்தப்பா. பூட்டுனதுலதான் கெட்டுச்சு. எனக்குக் குடுக்காதன்னு பேங்க்ல போயிச் சொன்னது யாரு?"

"நீ சொல்லலயாலே?"

"ஒங்க பங்குலதான் கழிக்கணும்."

"கழிச்சுப் பாரு."

சுப்பையா அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். பையன் அவர் கையைத் தட்டிவிட்டான். லாரிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆட்கள் சக்கரத்தில் கால் வைத்து ஏற ஆரம்பித்தார்கள். பேச்சியம்மாவின் ஆட்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். பகல் முழுக்கப் பட்ட பாடு அவ்வளவும் அந்த ஒரு கரிக் குவியலில் போய் விழப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர்கள் மேல் பாதி, எங்கள் பூட்டின் மேல் பாதி.

"அது உங்க ரெண்டு பேரு பங்கும் இல்ல" என்றேன். நான் கத்தினதை அன்றுதான் ஆரோக்கியம் முதல் தடவையாகக் கேட்டிருப்பார். "அது பேங்க் பங்கு."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"கதவுல தொங்குனது எங்க பூட்டு. சாவி எங்கிட்ட. உள்ள கருகுன நட்டம் எங்க கணக்கு. அதுல உங்களுக்கு ஒரு எலைகூடக் கெடையாது. கையை எடுங்க."

சுப்பையா கையை எடுத்தார். தண்டபாணி சட்டையை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏறினவர்கள் லாரியிலிருந்து இறங்கிவிட்டார்கள். தகரக் கூரைமேல் மறுபடி மழை விழ ஆரம்பித்தது.

ஆரோக்கியம் கதவை இழுத்துச் சாத்த, நானே பூட்டைப் போட்டேன். லாரிச் சாவியை டிரைவரிடம் கொடுத்தேன். தண்டபாணி எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அந்த அம்மாக்கள் கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு மழையில் ஓடினார்கள். சுப்பையா மட்டும் போகவில்லை. பானைத் தண்ணீரில் கை கழுவினார். புகையிலைக் கறை போகவில்லை. துண்டில் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்று, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"சார்" என்றார், தாழ்ந்த குரலில். "மேல இருந்து ஒங்களுக்குத் தாளு வர்ற வரைக்கும் சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும். அந்தப் பயலுக்கு மட்டுமில்ல, நான் வந்து நின்னு அழுதாலும் குடுத்துராதீங்க. எம்புத்தி எனக்குத் தெரியும்."